சக்கிமுக்கித் துப்பாக்கியைத் தேடி: ஸ்பிரிங்ஃபீல்ட் முதல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி வரை

செப்டம்பர் 4, ஸ்பிரிங்ஃபீல்ட்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில், ராக்கி ஹில்லில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் காரில் முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள் மகள்.

நான் துப்பாக்கிப் பிரியன் இல்லை. கோவையில் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பாகத்தை இன்னொன்றோடு ஆட்டம் இல்லாமல், பிடிப்பும் இல்லாமல் உட்காரவைப்பதுதான் வேலைக்காலம் முழுக்க என் பிழைப்பு. எந்த ஸ்க்ரூவை எடுத்தாலும் எந்த மெஷினிலும் பொருந்துகிறதே, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தால், அந்த வழி அமெரிக்கப் பட்டாளத்தின் சக்கிமுக்கித் துப்பாக்கியில் போய் நிற்கும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

அரசுத் துப்பாக்கி ஆலையாக இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி குன்றின் மேல் இருக்கிறது. சுதந்திரப் போர் சமயத்தில், 1777-இல், ஆயுதக் கிடங்காகத் தேர்ந்தெடுத்த இடம். ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் கீழே நீர்வீழ்ச்சி குறுக்கிடுவதால் கடலிலிருந்து பிரிட்டிஷ் கப்பல் ஏறி வர முடியாது. 1794-இல் சட்டம் போட்டு, அடுத்த வருஷம் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் செய்தது 245 துப்பாக்கி. 1968-இல் ஆலையை மூடினார்கள். இப்போது பழைய கிடங்குக் கட்டடம் அருங்காட்சியகம். வளாகத்தின் பெரும்பகுதியில் கல்லூரி நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நிற்கும் இடம் ‘ஆர்கன்’ என்று பெயர் வைத்திருக்கும் பெரிய அடுக்கு. அறுநூறுக்கும் மேற்பட்ட 1861 மாடல் துப்பாக்கிகளை நெட்டுக்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளை அதன் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். நான் தேடி வந்தது அதைவிட மூத்தது.

1795 மாடல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்தடி நீளம், நாலரை கிலோ எடை. குழலின் துவாரம் 0.69 அங்குலம், அதாவது பதினேழரை மில்லிமீட்டர். உள்ளே மரை கிடையாது, வழுவழுப்பான குழல். போரில் பிரான்ஸ் கொடுத்து உதவிய ஷார்ல்வில் துப்பாக்கியை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே செய்தது. குழலையும் கட்டையையும் மூன்று இரும்பு வளையங்கள் சேர்த்துப் பிடிக்கின்றன. பக்கவாட்டில், மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்பான லாக். அதில்தான் வித்தை எல்லாம். குதிரை என்று சொல்லும் சுத்தியலின் வாயில் தோல் சுற்றிய சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சுரண்டும். அந்த அடியிலேயே தகடு குழல்முனைப் பக்கம் சாய்ந்து, அடியில் இருக்கும் சின்னக் கிண்ணியைத் திறந்துவிடும். பொறி கிண்ணியில் இருக்கும் வெடிமருந்தில் விழும். அந்த நெருப்பு குழலின் பக்கத்தில் இருக்கும் ஊசித்துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடந்தாக வேண்டும். கல்லின் முனை, ஸ்பிரிங்கின் இழுப்பு, எஃகின் கடினம் மூன்றும் ஒத்துவந்தால்தான் வெடிக்கும்.

பூங்காத் துறையின் ரேஞ்சர் அம்மா ஒருவர் இருந்தார். அறுபது வயது இருக்கும், பெரிய விளிம்புத் தொப்பி. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நான் ஃபிட்டர் என்று மாப்பிள்ளை சொன்னதும் நிறுத்திவிட்டார். “அப்படியானால் உங்களுக்குக் காட்ட வேண்டியது வேறு” என்று நேராகப் பிளான்சர்ட் லேத்திடம் கூட்டிப்போனார்.

தாமஸ் பிளான்சர்ட் 1819-இல் கண்டுபிடித்தது. லேத் என்றால் உருண்டையாகத்தான் கடையும். துப்பாக்கிக் கட்டையோ ஓரிடத்தில் ஓவல், ஓரிடத்தில் தட்டை, பின்பக்கம் வளைவு. இதில் ஒரு பக்கம் மாதிரிக் கட்டை சுழலும். அதன் மேல் ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். மறுபக்கம் வால்நட் மரம் சுழலும். தடவும் சக்கரம் ஏறினால் வெட்டும் சக்கரமும் ஏறும், இறங்கினால் இறங்கும். மாதிரியின் வடிவம் அப்படியே மரத்தில் இறங்கிவிடும். எங்கள் டூல் ரூமில் காப்பி மில்லிங் மெஷினில் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அதன் பாட்டன் என் எதிரில், மரச்சட்டமும் இரும்புச் சக்கரமுமாக நின்றது. தொட அனுமதி இல்லை. சட்டத்தின் மூலைகளில் கைபட்டுத் தேய்ந்த பளபளப்பு தெரிகிறது.

“ஏனுங் மாமா, இந்த ஒரு மெஷினையே எவ்வளவு நேரம் பாப்பீங்க?” என்று மாப்பிள்ளை கேட்டபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

வெளியே புல்தரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். வளாகத்தைச் சுற்றி ஈட்டிமுனை வைத்த உயரமான இரும்பு வேலி. 1787 ஜனவரியில் இந்தக் குன்றில்தான் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில், கிடங்கில் இருந்த துப்பாக்கிகளை எடுக்கப் பனியில் நடந்து வந்தார்கள். பீரங்கி வைத்துச் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். போரில் சண்டையிட்டுவிட்டு ஊர் திரும்பி, நிலத்தை இழந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய. அதே ஊரில் நல்ல வெயிலில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 5, பிரிம்ஃபீல்ட், ஸ்டர்பிரிட்ஜ்

இரவு வழியோர மோட்டலில் தங்கிவிட்டு, விடியற்காலையிலேயே 20-ஆம் எண் சாலையில் கிழக்கே போனோம். பிரிம்ஃபீல்ட் சின்ன ஊர். வருஷத்தில் மே, ஜூலை, செப்டம்பர் என்று மூன்று முறை இங்கே பழம்பொருள் சந்தை கூடும். சாலையின் இரண்டு பக்கமும் வயல் வயலாகக் கூடாரங்கள். வண்டி நிறுத்த 10 டாலர். உள்ளே தண்ணீர் பாட்டில் 3 டாலர், லாப்ஸ்டர் ரோல் 28 டாலர். சர்க்கரை தூவிய எண்ணெய்ப் பலகாரம் ஒன்றை 8 டாலருக்கு வாங்கிப் பாதிப் பாதி தின்றோம். சூடாக இருந்தவரை நன்றாக இருந்தது.

பிளான்சர்ட் பற்றிய பழைய கதை ஒன்று இந்த ஊர்ச் சாலையில்தான் நடக்கிறது. குழலை வெளிப்புறம் கடைய அவர் ஏற்கெனவே ஒரு மெஷின் செய்து கொடுத்திருந்தாராம். அதைப் பார்த்துக் குழல் தேய்க்கும் தொழிலாளி, என் வேலை போயிற்று என்று புலம்ப, பக்கத்தில் இருந்த கட்டை செதுக்குபவர், என் வேலையை இவரால் பறிக்க முடியாது, கட்டையை எந்த லேத்தும் கடையாது என்றாராம். அது பிளான்சர்டின் மனதில் தங்கிவிட்டது. வண்டியில் வீடு திரும்பும்போது பிரிம்ஃபீல்டில் “பிடித்துவிட்டேன்” என்று கத்தினார் என்கிறார்கள். கத்தினாரோ இல்லையோ, கட்டை செதுக்குபவரின் வேலை போனது உண்மை. அந்தத் தொழிலாளியின் முகம் எனக்குத் தெரியும். கோவை கணபதியில், கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின் முதன்முதலில் வந்து இறங்கிய காலையில், பக்கத்து பெஞ்சில் நின்றவர்கள் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வயலில், பழைய வாள்களுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் நடுவே ஒரு துப்பாக்கி சாத்தி வைத்திருந்தது. 1816 மாடல். சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் அமெரிக்கா அதிகமாகச் செய்தது இதுதான். அரசு ஆலைகளும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து ஏறக்குறைய 7 லட்சம். விலைச்சீட்டில் 2,400 டாலர். 1898 வரை செய்த துப்பாக்கிகளை மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே கணக்கில் வைக்கிறது. அதனால் இப்படித் திறந்த வெளியில் வைத்து விற்கிறார்கள்.

கடைக்காரர் தாடி வைத்த பெரியவர். “எடுத்துப் பாருங்கள், இரண்டு கையாலும் பிடியுங்கள்” என்றார். நான் பார்த்த முதல் இடம் ஊசித்துளை. காரணம் இருக்கிறது. 1840-களிலும் 50-களிலும் இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைக் கல்லுக்குப் பதில், அடித்தால் வெடிக்கும் சின்ன மருந்துமூடியான கேப் வைத்துச் சுடுகிற முறைக்கு மாற்றிவிட்டார்கள். கல்லோடு அப்படியே பிழைத்தவை குறைவு. அதனால் விலை அதிகம். பிற்காலத்தில் சிலர், மாற்றிய துப்பாக்கியை மறுபடி கல்லுக்குத் திருப்பி விற்கிறார்கள். நிஜமாகவே கல்லில் சுட்ட துப்பாக்கியில் ஊசித்துளையைச் சுற்றி இரும்பு அரித்துக் குழிகுழியாக இருக்கும். கிண்ணியில் மருந்து எரிந்து எரிந்து வந்த அரிப்பு. இதில் அந்த இடம் மட்டும் வழவழப்பு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வெல்டு வைத்து ராவிய கோடு மெல்லிசாகத் தெரிந்தது. பித்தளைக் கிண்ணியின் நிறமும் மற்ற பாகங்களின் வயதோடு ஒட்டவில்லை.

விரலை அந்த இடத்தில் வைத்தேன். பெரியவர் சிரித்தார். “நீங்கள் கேட்காவிட்டாலும் பணம் வாங்குவதற்கு முன் சொல்லியிருப்பேன். சீட்டின் பின்பக்கம் பாருங்கள்.” திருப்பினால், கல்லுக்குத் திரும்ப மாற்றியது என்று பென்சிலில் எழுதியிருந்தது. அப்புறம் அவரே ஸ்க்ரூடிரைவர் எடுத்து, எதிர்ப்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, லாக்கை என் உள்ளங்கையில் வைத்தார்.

உள்பக்கம்தான் எனக்கு வேண்டியது. பெரிய ஸ்பிரிங், குதிரையைத் தாங்கும் பல்வளைவு, விசைக்கு மேல் கொக்கி, இவற்றை மூடிப் பிடிக்கும் பாலத் தகடு. ஒவ்வொன்றிலும் உளியால் குத்திய இரண்டு சின்னக் கீற்று. ஸ்க்ரூ தலையிலும் அதே இரண்டு கீற்று. இந்த ஸ்க்ரூ இந்தத் துளைக்குத்தான், இந்த ஸ்பிரிங் இந்தத் தகட்டுக்குத்தான் என்ற அடையாளம். ஒரே மாடல், லட்சக்கணக்கில் செய்தது; இருந்தாலும் பக்கத்துத் துப்பாக்கியின் பாகம் இதில் உட்காராது. அரம் பிடித்த ஒரு கை, இந்தச் சில பாகங்களை ஒன்றுக்கொன்று ராவி ராவிச் சேர்த்து வைத்தது. பாலத் தகட்டின் ஓரத்தில் அரத்தின் கோடுகள் ஒரே சாய்வில் இருந்தன. கடைசி நாலைந்து இழுப்பு மட்டும் மெதுவாக, அழுத்தம் குறைத்து. நானும் அப்படித்தான் முடிப்பேன். பேர் தெரியாத அந்த ஆளின் வேலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒன்றும் அவசரப்படுத்தவில்லை.

பத்து மணிக்கு வானம் கறுத்து இடியோடு மழை. கூடாரங்கள் பறக்க, பெரியவர் முதலில் துப்பாக்கியைத் தார்ப்பாயில் சுற்றினார், அப்புறம்தான் தன் தொப்பியைத் தேடினார். நாங்கள் மூலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். மழை விட்டு வண்டிக்குப் போனால் பின்சக்கரத்தில் ஆணி. சேற்றில் ஜாக்கி நிற்கவில்லை. பழைய கதவுகள் விற்கும் இளைஞர் ஒருவர் தானாக வந்து, விற்பனைக்கு வைத்திருந்த ஓக் பலகை ஒன்றை ஜாக்கிக்கு அடியில் போட்டு, ஸ்டெப்னி மாட்டும்வரை கூடவே இருந்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. பலகையைத் துடைத்து மறுபடி விலைச்சீட்டோடு சாத்தி வைத்துவிட்டார்.

மதியம் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் கிராமம். 1830-களின் ஊரை அப்படியே வைத்து நடத்துகிறார்கள். ஆளுக்கு 30 டாலருக்குப் பக்கம். கொல்லுப்பட்டறை, தண்ணீரில் ஓடும் மரமில் எல்லாம் உண்டு. பழங்கால உடையில் ஒருவர் துப்பாக்கி சுட்டுக் காட்டினார். 1792-ஆம் வருஷத்துச் சட்டப்படி 18-இலிருந்து 45 வயது வரை உள்ள வெள்ளைக்கார ஆண் ஒவ்வொருவனும் சொந்தக் காசில் துப்பாக்கி, பயனெட் (குழல் முனையில் மாட்டும் கத்தி), 24 தோட்டா, இரண்டு உபரிக் கல் வைத்திருக்க வேண்டும் என்று விளக்கினார்.

பிறகு காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்தார். துளி மருந்து கிண்ணிக்கு, மீதி குழலுக்கு, காகிதத்தையும் உள்ளே விட்டுக் கம்பியால் கெட்டித்தார். முன்பல் இல்லாதவனைப் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்களாம். குதிரையை முழுக்க இழுத்து, விசை. ‘டக்’ என்ற சத்தம் மட்டும். வெடிக்கவில்லை. மழை ஈரம். எஃகுத் தகட்டைத் துணியால் துடைத்து, ஊசித்துளையைக் கம்பியால் குத்தி, கல்லின் முனையைத் தட்டிக் கூராக்கி, கிண்ணியில் புது மருந்து போட்டு மறுபடி இழுத்தார். இந்த முறை முதலில் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘புஸ்’, உடனே பெரிய வெடி, ஆளே மறையும் அளவு வெள்ளைப் புகை. தீபாவளி விடிகாலை வாசம். கூட்டத்தில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பழகிய சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடுவான். நூறு கஜத்துக்கு மேல் ஒரு ஆளைக் குறிபார்த்து அடிப்பது கஷ்டம். குழலைவிடக் குண்டு சின்னது. கரி படிந்த பிறகும் வேகமாக உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. அதனால்தான் தோளோடு தோள் நின்று ஒன்றாகச் சுட்டார்கள். அமெரிக்கர்கள் ஒரு பெரிய குண்டோடு மூன்று சின்ன ரவைக்குண்டும் சேர்த்துப் போடுவார்கள். சுட்டுக் காட்டியவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றதும், அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் மருந்தில் போட்ட வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து போனதுதான் என்றார். 1775-இல் இங்கே போர் மூண்டபோது துப்பாக்கியைவிட வெடியுப்புப் பஞ்சம்தான் இவர்களை முதலில் வாட்டியது.

செப்டம்பர் 6, ஹாம்டன்

நியூ ஹேவனை ஒட்டிய ஹாம்டனில் மில் ஆற்றங்கரை. ஈலை விட்னியின் ஆலை இருந்த இடம். அணைக்கட்டு, மூடிய மரப்பாலம், மரநிழல்; இப்போது குழந்தைகளுக்கான பட்டறையும் சிறு அருங்காட்சியகமும் நடக்கிறது. காலையில் நல்ல காற்று.

விட்னி 1793-இல் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னைக் கண்டுபிடித்தவர். தென்மாநிலங்களில் பருத்தியும் அடிமைமுறையும் ஒருசேரப் பெருகியதற்கு அந்த மெஷின் பெரிய காரணம். 1798-இல் அரசிடம் 10,000 துப்பாக்கிக்கு ஒப்பந்தம் போட்டார், ஒன்று 13 டாலர் 40 செண்ட். இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல் கெடு. கடைசித் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது 1809-இல். இடையில் 1801-இல் தலைநகரில் ஜனாதிபதி ஆடம்ஸ், அவருக்கு அடுத்து ஜனாதிபதியான ஜெஃபர்சன் முன்னிலையில் எந்த லாக்கையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டிக் காட்டிப் பெயர் வாங்கினார். மாற்றிப் பொருத்தும் பாகங்களின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்கள் இவரைத்தான் சொல்லும். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பிழைத்திருக்கும் விட்னி துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். லாக்கின் உள்பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறவில்லை. அதே அடையாளக் கீற்றுகள்.

எனக்கு இதில் கோபம் வருகிறது. யாரோ பேர் தெரியாத ஃபிட்டர்கள் ராவிச் சேர்த்த வேலைக்கு, பேசத் தெரிந்த ஒருவர் பட்டம் வாங்கிக்கொண்டார். ஜெஃபர்சன் 1785-இலேயே பாரிஸில் ஓனோரே பிளாங் என்ற கைவினைஞரின் பட்டறைக்குப் போய், 50 லாக்குகளின் பாகங்களைப் பிரித்து வைத்திருந்ததிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தானே சில லாக்குகளைக் கோத்துப் பார்த்து, கச்சிதமாகச் சேர்ந்தது என்று கடிதம் எழுதியிருக்கிறார். யோசனை அங்கே இருந்தது. அதை ஆலையில் தினசரி வேலையாக ஆக்க, பாகத்தின் அளவைச் சரிபார்க்கும் கேஜ்களை ஒவ்வொன்றாகச் செய்து அரை நூற்றாண்டு போனது.

மதியம் நியூ ஹேவனில் கரி அடுப்புப் பீட்சா. அடிப்பக்கம் கருகி, மேலே சீஸ் கம்மியாக, தக்காளிப் புளிப்போடு வந்தது. பெரியது 27 டாலர். அரை மணி வரிசையில் நின்றோம்; பின்னால் நின்ற அம்மா, வெயிலில் நிற்காதீர்கள் என்று என்னைச் சுவரோரம் நிழலுக்கு அனுப்பிவிட்டு, என் இடத்தை விட்டுவைத்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரசம் சாதம்.

செப்டம்பர் 7, வழியில்

நாள் முழுக்கச் சாலை. பாலத்துக்குப் பாலம் சுங்கம். டெலவேரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில், 1802-இல் டூபாண்ட் குடும்பம் தொடங்கிய வெடிமருந்து ஆலையைப் பார்க்க ஆசை, நேரம் இல்லை. இரவு பத்து மணிக்கு முன்பதிவு செய்த மோட்டலுக்குப் போனால் அறை இல்லை, வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்றார்கள். மாப்பிள்ளை குரலை உயர்த்தாமலே பேசிப் பணத்தைத் திரும்ப வாங்கினார். அரை மணி தள்ளி வேறிடத்தில் 189 டாலருக்கு அறை கிடைத்தது. மகள் கட்டித் தந்த புளிசாதம் நல்லவேளை கெடவில்லை.

செப்டம்பர் 8, ஹார்ப்பர்ஸ் ஃபெரி

மேற்கு வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடும் இடம். இரண்டு பக்கமும் மலை, நடுவே கூம்பு மாதாகோவிலோடு குறுகலான கல் தெருக்கள். கார் ஒன்றுக்கு 20 டாலர் கட்டி மேலே நிறுத்திவிட்டு, பூங்காவின் பஸ்ஸில் கீழ்ஊருக்கு இறங்க வேண்டும். காலையில் ஆற்றின் மேல் பனிமூட்டம். பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது.

நாட்டின் இரண்டாவது அரசுத் துப்பாக்கி ஆலை இங்கே. இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். 1803-இல் மேற்கே பயணம் கிளம்பிய மெரிவெதர் லூயிஸ் தன் ரைஃபிள்களை (குழலுக்குள் மரை வெட்டிய துப்பாக்கிகளை) இங்கேதான் வாங்கிப் போனார். ஆலைக் கட்டடங்கள் நின்ற இடத்தில் இப்போது ரயில் பாதையின் மேடு. தெரிந்துகொண்டு தேடினால்தான் தெரியும்.

ஜான் ஹால் இங்கே ஷெனண்டோவாக் கரையில் தனிப் பட்டறை வைத்துப் பின்பக்கம் மருந்து போடும் சக்கிமுக்கி ரைஃபிள் செய்தார். மாற்றிப் பொருத்துவதை முதலில் உண்மையாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு ரைஃபிளுக்கே டஜன் கணக்கில் கேஜ். 1820-களின் நடுவில் அரசுக்குழு வந்து பிரித்து, கலந்து, மறுபடி கோத்துப் பார்த்து ஒப்புக்கொண்டது. சாதாரண சிப்பாயின் துப்பாக்கிக்கு அந்த முறை வரவேண்டுமென்றால் இன்னும் பொறுக்க வேண்டியிருந்தது. 1842 மாடலில்தான் இரண்டு அரசு ஆலைகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று மாறின. அதற்குள் சக்கிமுக்கிக் கல்லின் காலமே முடிந்துவிட்டது; கடைசிக் கல் துப்பாக்கி 1840 மாடல்.

தொழில் அருங்காட்சியகத்தில் பெல்ட்டில் ஓடும் பழைய மெஷின்களைக் காட்டினார்கள். கட்டிங் ஆயில் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அங்கே இருந்த இளம் ரேஞ்சரிடம், தொழிலாளிகள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். சுற்றி யாரும் இல்லாததால் நிதானமாகச் சொன்னார். 1830 ஜனவரியில் தாமஸ் டன் என்ற கண்டிப்பான மேலாளரை, வேலை இழந்த தொழிலாளி ஒருவன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றான். 1842-இல் ராணுவ மேலாளர் கடிகாரம் வைத்து நேரப்படி வேலை என்று ஆக்கினார். அதுவரை இவர்களுக்குப் பீஸ் கணக்குத்தான். வேண்டும்போது வந்து, செய்த பாகத்துக்குக் கூலி வாங்கிப் போவார்கள். கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, கால்வாயில் படகு பிடித்து வாஷிங்டனுக்கே போய், ஜனாதிபதி டைலரை நேரில் பார்த்து முறையிட்டார்கள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, திரும்பி வேலைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். மணி அடித்தது, போனார்கள்.

படகு பிடித்துப் போன அந்த ஆட்கள்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டவர்கள். கேஜை அவர்கள் வெறுக்கவில்லை என்று நினைக்கிறேன். கேஜுக்கு வராததைத் தூக்கி எறிந்து மறுபடி செய்வது நல்ல ஃபிட்டருக்குப் பெருமைதான். தன் கை எப்போது ஓயலாம் என்பதை இன்னொருவன் மணி அடித்துச் சொல்வதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

கீழ்ஊரில் எல்லோரும் பார்க்கப் போவது ஆலையின் தீயணைப்பு வண்டிக் கொட்டகை. 1859 அக்டோபரில் ஜான் பிரவுன், அடிமைகளை விடுவிக்க, கிடங்கில் இருந்த ஏறக்குறைய லட்சம் துப்பாக்கியை எடுத்து அவர்கள் கையில் கொடுக்கத் திட்டமிட்டு, 21 பேரோடு வந்தார். கடைசியில் இந்தச் செங்கல் கொட்டகையில் மாட்டிக்கொண்டார். ராபர்ட் லீ தலைமையில் வந்த மரைன் படை வீரர்கள் கதவை உடைத்துப் பிடித்தார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி தூக்கு. பிரவுனின் ஆட்கள் சுட்டதில் முதலில் செத்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய, அடிமையல்லாத கறுப்பினத்தவர். அந்தத் தகவலைப் படித்துவிட்டு, கொட்டகையை நான் கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். மனம் ரயில் நிலையத்துப் பக்கமே போயிற்று.

ஒன்றரை வருஷத்தில் உள்நாட்டுப் போர். 1861 ஏப்ரல் 18 இரவு, பிரிந்துபோன தென்மாநிலங்களின் தென்படை வந்து பிடிப்பதற்குள் அரசுப் படையே கிடங்குக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறியது. ஏறக்குறைய 15,000 துப்பாக்கி எரிந்தது. பட்டறைகளில் தீயை ஊர்க்காரர்கள் அணைத்தார்கள், மெஷின்கள் பிழைத்தன. தென்படை அவற்றைக் கழற்றி ரிச்மண்டுக்கும் ஃபேயட்வில்லுக்கும் ஏற்றிப் போனது. மெஷின் போன ஊர்களுக்கே சில தொழிலாளிகளும் குடும்பத்தோடு கிளம்பிப் போனார்கள். இங்கே ஆலை திரும்ப எழவே இல்லை.

ஒரு மணிக்குத் தெருமுனைக் கடையில் சாண்ட்விச், 14 டாலர், ரொட்டி மட்டும் நன்றாக இருந்தது. ஷெனண்டோவாக் கரையில் ஆலைச் சிதிலங்களுக்குள் நடந்தோம். கல் வளைவுகளுக்கு அடியில் தண்ணீர் இன்னும் ஓடுகிறது. கொசு அதிகம். மூன்று மணிக்கு வண்டியை எடுத்தும் வீடு சேரும்போது நடுநிசி தாண்டிவிட்டது; பென்சில்வேனியாவில் விபத்து ஒன்றால் ஒரு மணி நேரம் நகரவே இல்லை.

செப்டம்பர் 9, ராக்கி ஹில்

படங்களைப் பேரனுக்குக் காட்டினேன். லாக்கின் உள்பக்கத்தை மாப்பிள்ளை கிட்டத்தில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கி, “அப்புச்சி, இந்த ரெண்டு கோடு எதுக்கு?” என்று அவனாகவே கேட்டான். சொன்னேன். பள்ளி நோட்டில் லாக்கை வரைந்து எல்லாப் பாகத்திலும் இரண்டு இரண்டு கோடு போட்டுவிட்டான்.

பக்கத்தில்தான் மிடில்டவுன், காரில் கால் மணி நேரம். அங்கே ஆலை வைத்திருந்த சிமியன் நார்த் 1813-இல் அரசுக்கு 20,000 கைத்துப்பாக்கிக்கு ஒப்பந்தம் போட்டபோது, பாகங்கள் மாற்றிப் பொருந்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பிற்பாடு ஹாலின் ரைஃபிளை இவர் இங்கே செய்ய, அதன் பாகங்கள் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் செய்தவற்றோடு மாறி உட்கார்ந்தன. சனிக்கிழமை பேரனுக்கு லீவு. ஆலை இருந்த ஓடைக்கரையைத் தேடிப் போகிறோம்.